ரத்தத்திடம் கேட்கப்பட்ட மூன்று கேள்விகள்

உல்லாஸ்நகரிலிருந்து புறநகர் ரயிலில் பரேலுக்கு, டாட்டா நினைவு மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியின் அருகில் பெரும்பாலும் ஒரு மகளோ தங்கையோ அமர்ந்திருப்பார். தாய்க்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான நாளிலேயே மகளின் அச்சம் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று தாயைப் பற்றியது, மற்றொன்று தன் உடலைப் பற்றியது. அடுத்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் ஓர் எண் வரம்பைக் கடந்துவிட்டால், அது தீர்ப்பாகவே வாசிக்கப்படுகிறது.

இவ்வாசிப்பில் மொழிக்கும் பங்குண்டு. ரத்த உறவு, ரத்த பாசம், ரத்தத்தில் ஊறியது என்று தமிழில் வம்சத்தின் பெயரே ரத்தம்தான். ஆகவே ரத்த அறிக்கை வம்சத்தின் அறிக்கையாகத் தோன்றுகிறது. ஆனால் மருத்துவ வரலாற்றில் ரத்தத்திடம் கேட்கப்பட்ட கேள்விகள் வெவ்வேறு.

முதற்கேள்வி, உடல் இன்று எப்படி இருக்கிறது என்பது. அணுக்களின் எண்ணிக்கை, ஹீமோகுளோபின், 1920களில் பரவிய ஈ.எஸ்.ஆர். ஆகியவை இதற்குரியவை. தொற்று, சோகை, கர்ப்பம், முதுமை ஆகிய எதனாலும் ஈ.எஸ்.ஆர். உயரலாம். மார்பகப் புற்றுநோயை அது கண்டறிவதில்லை.

இரண்டாம் கேள்வி 1980களில் வந்தது: சிகிச்சை பெற்றவருக்கு நோய் எவ்வாறு செல்கிறது? சி.ஏ. 15-3 போன்ற குறியீடுகள் இதற்கே பயன்படுகின்றன. கல்லீரல் கோளாறு முதலிய பிற காரணங்களாலும் அவை உயரும்; தொடக்கநிலைப் புற்றுநோயில் உயராமலும் இருக்கும். நோயற்ற பெண்ணுக்கு இச்சோதனையைச் செய்தால், வீண் அச்சமோ வீண் ஆறுதலோ விளையக்கூடும்.

மூன்றாம் கேள்விதான் உண்மையில் வம்சத்தைப் பற்றியது. அது ரத்தத்தில் தொடங்கவில்லை. ஒரு குடும்ப வரைபடத்தில் தொடங்கியது. 1866-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா தம் மனைவியின் குடும்பத்தில் தலைமுறைதோறும் மார்பகப் புற்றுநோய் தொடர்ந்ததைப் பதிவுசெய்தார். 1990-இல் மேரி-கிளேர் கிங் குழுவினர் அதன் காரணத்தை 17ஆம் குரோமோசோமில் இடங்கண்டனர். 1994-இல் பி.ஆர்.சி.ஏ.1 மரபணு பிரித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டு பி.ஆர்.சி.ஏ.2. மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடே இவ்வாறு மரபுவழி வருவன. பழுதுற்ற மரபணு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. வந்தாலும் அது நோயன்று, கூடுதல் இடர். இம்மரபணு எச்சிலிலிருந்தும் அறியத்தக்கது. ரத்தத்திற்கு இங்கே தனிச்சிறப்பு எதுவுமில்லை.

மும்பையின் வரலாறு இன்னொன்றையும் காட்டுகிறது. 1998-இல் டாட்டா நினைவு மருத்துவமனை இந்நகரின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கைகளால் பரிசோதித்தனர். ரத்தம் எடுக்கப்படவில்லை. 2021-இல் வெளியான முடிவுகளின்படி, கட்டிகள் முன்னதாகவே கண்டறியப்பட்டன. ஒட்டுமொத்த இறப்புக் குறைவு புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. எனினும் 50 வயதும் அதற்கு மேலுமானோரிடம் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆகவே அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் மகள் முதலில் அறியவேண்டியது, எண் எவ்வளவு என்பதன்று. அது எந்தக் கேள்விக்கு விடை என்பதே. மரபணு ஆலோசனையில் இன்றும் முதலில் வரையப்படுவது புரோக்கா வரைந்ததைப் போன்ற குடும்ப மரம்தான். அதில் தாய்வழியோடு, நாம் இவ்விஷயத்தில் கேட்க மறக்கும் தந்தைவழி அத்தைமாரும் பாட்டியும் இடம்பெறவேண்டும். சோதனை தேவைப்பட்டால், இயன்றவரை முதலில் எடுக்கப்படுவது நோயுற்ற தாயின் ரத்தம். மகளின் முறை அதன் பின்னரே. பல குடும்பங்களில் அம்முறை வரவேண்டிய தேவையே எழுவதில்லை.