ஹிமேஜி கோட்டை: போருக்காக எழுந்து பராமரிப்பினால் நிலைத்த மரமாளிகை

கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் கருங்கல்லாலும் முருகைக்கல்லாலும் எழுப்பப்பட்ட தடித்த மதில்களே எமது மனக்கண்முன் தோன்றுகின்றன. ஜப்பானியக் கோட்டைகள் இதிலிருந்து வேறுபட்டவை. கல்லால் அமைந்த உயர்ந்த அடித்தளத்தின் மீது மரச்சட்டகத்தை நிறுத்தி, அதன்மீது மண்ணும் சுண்ணாம்பும் பூசி, ஓடு வேய்ந்து அமைக்கப்பட்ட மாளிகைகளே அங்கு கோட்டைகளாக விளங்கின. மரம் உக்கும் தன்மையுடையது. தீக்கு இலகுவில் இரையாவது. பூமியதிர்ச்சியும் சூறாவளியும் ஓயாத ஒரு நாட்டில் அத்தகைய கட்டடமொன்று நூறு ஆண்டுகள் நின்றாலே வியப்புக்குரியது. ஆயினும் 1609 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஹிமேஜி கோட்டையின் பிரதான கோபுரம் நான்கு நூற்றாண்டுகளைக் கடந்தும் கம்பீரமாக நிற்கின்றது. இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை நோக்குவது, பழைமைச் சின்னங்களைப் பேணுவதில் அக்கறையுள்ள எவருக்கும் பயன்தரும் என நாம் கருதுகின்றோம்.

கோட்டையின் தோற்றம்

ஜப்பானின் பிரதான தீவாகிய ஹொன்ஷுவின் மேற்குப் பகுதியில், ஹியோகோ மாகாணத்தில் ஹிமேஜி நகரம் அமைந்துள்ளது. அந்நகரின் நடுவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 45 மீற்றர் உயரமுள்ள ஹிமேயாமா என்ற குன்றின் மீது கோட்டை எழுந்துள்ளது. 14 ஆம் நூற்றாண்டில், 1333 ஆம் ஆண்டளவில் அக்கமட்சு குலத்தினர் இங்கு ஓர் அரணை அமைத்ததாக மரபுவழி வரலாறு கூறுகின்றது. பின்னர் அது குரோதா குடும்பத்தினரின் பொறுப்பில் இருந்தது. 1580 ஆம் ஆண்டில், நாட்டை ஒரு குடையின்கீழ் கொண்டுவர முயன்ற தளபதிகளுள் ஒருவரான தொயொதோமி ஹிதெயோஷியின் கைக்கு இவ்விடம் வந்து சேர்ந்தது. அவர் இங்கு மூன்று அடுக்குக் கோபுரமொன்றைக் கட்டுவித்தார்.

1600 ஆம் ஆண்டில் நடைபெற்ற செகிகஹாரா போர் ஜப்பானின் அரசியலை மாற்றியமைத்தது. அப்போரில் வெற்றிபெற்ற தொக்குகாவா இயேயாசு, தமது மருமகனாகிய இக்கேடா தெருமாசாவுக்கு ஹிமேஜியை வழங்கினார். மேற்கு ஜப்பானிலிருந்த பிரபுக்கள் பலர் புதிய ஆட்சியை மனமொப்பி ஏற்றிருக்கவில்லை. அவர்கள் தலைநகர்ப் பகுதிகளை நோக்கிப் படை நடத்தினால் அதனைத் தடுத்து நிறுத்தவேண்டிய வழியில் ஹிமேஜி இருந்தது. எனவே தெருமாசா 1601 ஆம் ஆண்டு தொடக்கம் 1609 ஆம் ஆண்டு வரை பெருமுயற்சி எடுத்து, ஹிதெயோஷியின் கோபுரத்தை அகற்றி, இன்று நாம் காணும் கோபுரத் தொகுதியை எழுப்பினார்.

1617 ஆம் ஆண்டில் கோட்டை ஹொண்டா குடும்பத்தின் வசமாயிற்று. ஒசாகா கோட்டை 1615 இல் வீழ்ந்தபோது கணவனை இழந்த இயேயாசுவின் பேத்தி சென்ஹிமே, பின்னர் ஹொண்டா குடும்பத்தில் மணமுடித்து இங்கு வந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே மேற்கு வளாகம் உருப்பெற்றது. அதன் நீண்ட நடைகூடமும் அதனோடு இணைந்த சிறு கோபுரமும் இன்றும் உள்ளன.

கட்டடக்கலை

பிரதான கோபுரம் வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஐந்து அடுக்குகளாகத் தோன்றினும், உள்ளே ஆறு மாடிகளையும் ஒரு நிலவறையையும் கொண்டது. கல் அடித்தளம் சுமார் 15 மீற்றர் உயரமானது. அதன்மீதுள்ள கட்டடத்தின் உயரம் 31.5 மீற்றர். மூன்று சிறிய கோபுரங்கள் மூடிய நடைகூடங்களினால் பிரதான கோபுரத்துடன் இணைக்கப்பட்டு, நடுவே ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. ஒன்று பகைவர் கைப்பட்டாலும் ஏனையவற்றிலிருந்து போரைத் தொடரக்கூடியவாறு இந்த அமைப்பு திட்டமிடப்பட்டது.

இத்தனை பாரத்தையும் தாங்குவதில் முதன்மையானவை கிழக்கிலும் மேற்கிலுமாக நிலவறையிலிருந்து மேல்மாடியின் தளம் வரை ஊடுருவிச் செல்லும் இரண்டு பெருந்தூண்களாகும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 மீற்றர் நீளமும், அடியில் ஒரு மீற்றரளவு விட்டமும் கொண்டவை. உத்தரங்களும் குறுக்குச் சட்டங்களும் பொருத்துகளினால் இத்தூண்களுடன் கோக்கப்பட்டுள்ளன. பூமி அதிரும்போது இப்பொருத்துகள் சிறிது அசைந்து கொடுத்து அதிர்வின் வேகத்தைத் தணிக்கின்றன. 1995 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் திகதி கோபே நகரைச் சிதைத்த பூமியதிர்ச்சியின்போது, அயலிலிருந்த இக்கோட்டை பாரிய சேதமின்றித் தப்பியமை குறிப்பிடத்தக்கது.

1543 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் வழியாகத் துப்பாக்கி ஜப்பானுக்கு வந்ததன் பின்னர், கோட்டைகள் தீயையும் குண்டையும் எதிர்கொள்ள வேண்டியனவாயின. ஹிமேஜியின் வெண்ணிறத்துக்கும் இதுவே காரணம். நீறிய சுண்ணாம்பு, சணல்நார், கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசை ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்த சாந்து சுவர்கள் மீது மாத்திரமன்றி, கூரையின் அடிப்பாகத்திலும் ஓடுகளின் இணைப்புகளிலும்கூடப் பூசப்பட்டுள்ளது. மரம் வெளியே தெரியாதவாறு மூடி, தீப்பற்றாமற் காப்பதே இதன் நோக்கம். சிறகு விரித்த வெண்கொக்கைப் போன்று தோன்றுவதால் மக்கள் இதனை வெண்கொக்குக் கோட்டை என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர்.

பகைவரைக் குழப்புவதற்கான ஏற்பாடுகளும் பல. ஹிஷி வாயிலிலிருந்து பிரதான கோபுரம் நேர்கோட்டில் 130 மீற்றர் தூரத்திலேயே உள்ளது. ஆனால் நடந்து செல்வோர் 325 மீற்றர் வளைந்து வளைந்து செல்ல வேண்டும். சில இடங்களில் பாதை கோபுரத்தைவிட்டு விலகிச் செல்வது போன்ற மயக்கத்தை ஏற்படுத்தும். வழிநெடுகிலும் உள்ள மதில்களில் வட்டம், முக்கோணம், சதுரம், நீள்சதுரம் ஆகிய வடிவங்களில் அம்பெய்வதற்கும் சுடுவதற்குமான துவாரங்கள் காணப்படுகின்றன. ஏறிவருவோர் மீது கல்லெறிவதற்கான திறப்புகளும் உண்டு. இத்தனை ஏற்பாடுகளுடன் அமைந்த இக்கோட்டை, அதன் வரலாற்றில் ஒருபோதும் பெரும் முற்றுகைப் போரைச் சந்திக்கவில்லை. தொக்குகாவா ஆட்சியில் நிலவிய நீண்ட சமாதானத்தில் அது பிரபுக்களின் நிர்வாகத் தலைமையகமாகவே விளங்கியது.

அழிவின் விளிம்பில்

கோட்டையை அழிவுக்கு அருகே கொண்டுசென்றது போருக்குப் பதிலாகச் சமாதானகால அரசின் கட்டளையே என்பது சிந்திக்கத்தக்கது. 1868 ஆம் ஆண்டில் சக்கரவர்த்தியின் ஆட்சி மீளநிலைநிறுத்தப்பட்டபோது, தொக்குகாவா பக்கம் நின்ற ஹிமேஜி சிறிது குண்டுவீச்சின் பின்னர் சரணடைந்தது. 1871 இல் பிரபுக்களின் ஆட்சிப் பிரதேசங்கள் ஒழிக்கப்பட்டன. 1873 இல் வெளியான அரசாணையின்படி நாட்டின் பெரும்பாலான கோட்டைகள் பயனற்றவையெனக் கருதப்பட்டு, இடிப்பதற்கும் விற்பதற்கும் ஒதுக்கப்பட்டன. பழைய ஆட்சியின் அடையாளங்களை விட்டுவைக்க விரும்பாத மனப்பாங்கும், பராமரிப்புச் செலவைத் தவிர்க்கும் எண்ணமும் இதற்குக் காரணங்களாயின. அக்காலத்தில் ஹிமேஜி கோட்டை 23 யென் 50 சென் என்ற அற்ப விலைக்கு ஏலம் போனதாகவும், இடித்து அகற்றும் செலவு விலையிலும் அதிகமாக இருந்ததால் வாங்கியவர் அதனைக் கைவிட்டதாகவும் கூறப்படுகின்றது.

பின்னர் கோட்டை வளாகம் இராணுவத்தின் பாவனைக்கு உட்பட்டது. 1878 ஆம் ஆண்டில் நகமுரா ஷிகெத்தோ என்ற கேணல் தர அதிகாரி, நகோயா, ஹிமேஜி ஆகிய கோட்டைகளின் கலைப்பெறுமதியை எடுத்துரைத்து, அவற்றைப் பேணுமாறு மேலிடத்துக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு அதற்கு இணக்கம் கிடைத்தது. ஆனால் பேணுவதென்ற தீர்மானம் நிதியைக் கொண்டுவரவில்லை. ஓடுகள் சரிந்து சுவர்கள் சிதைந்த நிலையில் நகர மக்களே இயக்கமாகத் திரண்டு குரலெழுப்பியதன் பயனாக, 1910 ஆம் ஆண்டில் அரச நிதியில் முதலாவது பெரும் திருத்தவேலை தொடங்கியது.

இரண்டாம் உலகப்போரில் ஆபத்து ஆகாயத்திலிருந்து வந்தது. வெண்சுவர்கள் தூரத்திலிருந்தே விமானங்களுக்கு இலக்காகும் என்பதால் அவை கரிய வலைகளால் மூடப்பட்டன. 1945 ஆம் ஆண்டு ஜூலை 3 ஆம் திகதி இரவு நடந்த விமானத் தாக்குதலில் கோட்டையைச் சூழ்ந்திருந்த நகரம் எரிந்து சாம்பலாயிற்று. கோபுரத்தின் மேல்மாடியில் விழுந்த தீக்குண்டு வெடிக்கவில்லை. அதே ஆண்டில் நகோயா, ஒகயாமா, வகயாமா, ஹிரோஷிமா உட்பட ஏழு கோட்டைகளின் கோபுரங்கள் அழிந்தன. நகமுரா காப்பாற்ற முயன்ற இரண்டில் ஒன்று மாத்திரமே எஞ்சியது. பழைய காலக் கோபுரம் இன்றும் நிலைத்திருக்கும் கோட்டைகள் ஜப்பானில் பன்னிரண்டு மாத்திரமேயாகும்.

கழற்றிப் பூட்டிய கோபுரம்

நற்பேறு ஓர் இரவைக் கடக்க உதவலாம். நானூறு ஆண்டுகளைக் கடக்க உதவாது. கோபுரம் தென்கிழக்காகச் சாய்ந்து வந்தமை நீண்டகாலமாக அறியப்பட்டிருந்தது. தான் கட்டிய கோபுரம் சாய்ந்துவிட்டதென்று மனமுடைந்த தலைமைத் தச்சர் உயிர்மாய்த்துக் கொண்டார் என்றொரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. 1956 ஆம் ஆண்டு தொடக்கம் 1964 ஆம் ஆண்டு வரை கோபுரம் முழுவதும் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, உக்கிய பாகங்கள் மாற்றப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டது. சுமார் 5,700 தொன் பாரமான கட்டடத்துக்கு நிலம் இடங்கொடுத்து இறங்கியமையே சாய்வுக்குக் காரணம் என்பது அப்போது தெளிவாயிற்று. அடியில் ஹிதெயோஷி காலக் கோபுரத்தின் எச்சங்களும் வெளிப்பட்டன. இரும்புக் கம்பி இட்ட கொங்கிறீற் அத்திவாரம் புதிதாக இடப்பட்டது.

கிழக்குத் தூணின் அடிப்பாகம் மாத்திரம் மாற்றப்பட்டது. மேற்குத் தூணோ காப்பாற்ற முடியாதவாறு உக்கியிருந்தது. அதற்கு ஈடாகக் கொண்டுவரப்பட்ட பெரிய ஹினோக்கி மரம் வழியிலேயே முறிந்துபோனது. எனவே அயலிலுள்ள ஆலயமொன்றின் காட்டிலிருந்து பெற்ற இன்னொரு மரத்தை அதனுடன் பொருத்தி, இரண்டு துண்டுகளாலான தூணை நிறுத்தினர். பழைய தூணும் இரண்டு மரங்களைப் பொருத்தியே செய்யப்பட்டிருந்தது என்பது கழற்றியபோது தெரியவந்தது.

2009 ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு திருத்தவேலை தொடங்கியது. இம்முறை ஓடுகளும் சாந்தும் புதுப்பிக்கப்பட்டன. கோபுரத்தை முற்றாக மூடிய சாரக்கட்டினுள்ளே மின்தூக்கி அமைத்து, கைவினைஞர் வேலை செய்வதைப் பொதுமக்கள் அருகிலிருந்து காண வழிசெய்யப்பட்டமை பாராட்டத்தக்கது. 2015 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் திகதி கோபுரம் மீளத் திறக்கப்பட்டபோது, அது அளவுக்கு மிஞ்சி வெண்மையாக உள்ளதென்று சிலர் குறைகூறினர். உண்மையில் புதிதாகப் பூசிய சாந்தின் நிறம் அதுவே. காலப்போக்கில் படிந்த பூஞ்சணமும் அழுக்குமே மக்கள் பழகியிருந்த சாம்பல் நிறத்தைத் தந்திருந்தன.

எது பழைமை?

தூண் மாறியது, அத்திவாரம் மாறியது, சாந்து மாறியது. அவ்வாறாயின் இது 1609 ஆம் ஆண்டின் கோட்டைதானா என்ற வினா எழுவது இயல்பே. 1993 ஆம் ஆண்டில் ஹிமேஜி கோட்டையும் ஹொரியூஜி பகுதியின் பௌத்த நினைவுச் சின்னங்களும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு நவம்பரில் நாரா நகரில் கூடிய நிபுணர்கள் இவ்வினாவையே ஆராய்ந்தனர். மூலப்பொருளை மாத்திரம் அளவுகோலாகக் கொள்ளாது, வடிவம், பயன்பாடு, மரபு, தொழில்நுட்பம், சூழல் ஆகியவற்றையும் அந்தந்தப் பண்பாட்டின் அடிப்படையில் நோக்க வேண்டும் என்பது அவர்களின் நாரா ஆவணத்தின் சாரம். கல்லைப் போன்று மரம் நிலைத்திராது. மரத்தைப் பேணும் அறிவே அங்கு தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றது.

அவ்வறிவையும் மரபுரிமையாகவே ஜப்பான் பாதுகாக்கின்றது. 1949 ஆம் ஆண்டில் ஹொரியூஜி ஆலயத்தின் சுவரோவியங்கள் தீக்கிரையானதைத் தொடர்ந்து, 1950 இல் பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1975 ஆம் ஆண்டுத் திருத்தம், பழைய கட்டடங்களைத் திருத்துவதற்கு இன்றியமையாத கைத்தொழில் நுட்பங்களுக்கும் பாதுகாப்பு வழங்கியது. தச்சு, ஓடு வேய்தல், சாந்து பூசுதல் உள்ளிட்ட 17 நுட்பங்கள் 2020 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

நகோயாவின் அனுபவம் இதற்கு மறுபுறமாக அமைகின்றது. போரில் எரிந்த அதன் கோபுரம் 1959 ஆம் ஆண்டில் கொங்கிறீற்றினால் மீளக் கட்டப்பட்டது. பூமியதிர்ச்சியைத் தாங்கும் வலு போதாதெனக் கருதப்பட்டு, அறுபது ஆண்டுகள் நிறைவதற்கு முன்னரே, 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் அது மூடப்பட்டது. மரத்துக்குத் தீயென்னும் ஆபத்து என்றும் உண்டு என்பதை 2019 ஒக்டோபரில் ஒகினாவாவின் ஷுரி கோட்டை எரிந்தமை நினைவூட்டியது. ஆகவே மரமோ கொங்கிறீற்றோ தானாக நிலைத்திருப்பதில்லை என்பதே உண்மை.

ஹிமேஜியின் வரலாற்றில் தளபதிகளும் பிரபுக்களும் பெரிதாகப் பேசப்படுகின்றனர். ஆயினும் கோட்டையை எம் காலம் வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் விண்ணப்பம் எழுதிய ஓர் அதிகாரியும், நிதிகோரிக் குரலெழுப்பிய நகர மக்களும், உக்கிய மரத்தை அடையாளங்கண்டு மாற்றிய தச்சர்களுமேயாவர். ஒரு சின்னத்தை மரபுரிமையெனப் பிரகடனப்படுத்துவதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. திருத்துவதற்கான நிதியும், திருத்தத் தெரிந்த கரங்களும், திருத்தியதைப் பதிந்து வைக்கும் ஒழுங்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக உறுதிசெய்யப்பட வேண்டும். அத்திருத்தவேலையின்போது நிறுத்தப்பட்ட மேற்குத் தூணும் ஒருநாள் உக்கும். அன்று அதனை மாற்றத் தெரிந்தவர்கள் இருப்பார்களா என்பதிலேயே ஹிமேஜியின் எதிர்காலம் தங்கியுள்ளது.