பாரன்ஹீட் 451: தணிக்கைக்கு உள்ளான தணிக்கை நாவல்

பாரன்ஹீட் 451, அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி (1920–2012) எழுதிய நாவல். 1953 அக்டோபரில் பாலண்டைன் பதிப்பகம் இதனை வெளியிட்டது. புத்தகம் வைத்திருப்பது குற்றமாகிவிட்ட ஒரு வருங்கால அமெரிக்க நகரில் கதை நடக்கிறது. வீடுகள் தீப்பிடிக்காதபடி கட்டப்பட்டுவிட்டதால் அங்கு தீயணைப்பு வீரர்களுக்கு அணைக்க எதுவும் இல்லை. புத்தகங்கள் இருக்கும் வீடுகளைத் தேடிச் சென்று எரிப்பதே அவர்களுடைய பணி. ஆங்கிலத்தில் ‘ஃபயர்மேன்’ என்ற சொல் இந்த இரண்டு வேலைக்கும் பொருந்திவிடும். தமிழில் ‘அணைப்பு’ என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் அந்த விளையாட்டு நமக்குக் கிடைப்பதில்லை.

காகிதம் தீப்பற்றும் வெப்பநிலை என்று பிராட்பரி கருதியதே தலைப்பிலுள்ள எண். செல்சியஸில் சுமார் 233 பாகை. உண்மையில் இது காகிதத்தின் வகைக்கும் சூழலுக்கும் ஏற்ப மாறும்.

உருவான சூழல்

பிராட்பரி கல்லூரிக்குச் செல்லவில்லை. பள்ளிப் படிப்பை முடித்தபின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பொது நூலகங்களில் படித்தே தம்மை வளர்த்துக்கொண்டவர். 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜி மாணவர் அமைப்பினர் ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினர். ஹிட்லரின் ஆட்சியில் புத்தகங்கள் எரிந்த செய்தி தம்மை ஆழமாகத் தாக்கியதாகப் பிராட்பரி பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். நூலகமே பள்ளியாக இருந்த ஒருவருக்கு அது வெறும் வெளிநாட்டுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

இரண்டாவது விதை உள்ளூரிலேயே விழுந்தது. ஒருநாள் இரவு நண்பருடன் தெருவில் நடந்து சென்ற பிராட்பரியைக் காவலர் ஒருவர் நிறுத்தி, என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். கார்களின் நகரில் காலால் நடப்பதே சந்தேகத்துக்குரிய செயலாகிவிட்டிருந்தது. இந்த அனுபவத்திலிருந்து ‘பாதசாரி’ என்ற சிறுகதை பிறந்தது, 1951-ல் வெளியானது. நாவலில் வரும் கிளாரிஸ் என்ற பெண்ணும் இரவில் நடப்பவளே.

நாவலின் முதல் வடிவம் ‘தி ஃபயர்மேன்’ என்ற குறுநாவல். 1951 பிப்ரவரியில் ‘கேலக்ஸி’ இதழில் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் அடித்தளத்தில் வாடகைத் தட்டச்சுப் பொறிகள் இருந்தன. அரை மணி நேரத்துக்கு 10 சென்ட். நாணயம் போட்டுப் போட்டு, 9 டாலர் 80 சென்ட் செலவில் அதை எழுதி முடித்ததாகப் பிராட்பரி கணக்குச் சொல்வார். அதாவது 49 மணி நேரம். களைத்தால் மேலே சென்று அலமாரிகளுக்கிடையே உலாவி, கைக்குக் கிடைத்த நூலைப் புரட்டிவிட்டுத் திரும்புவாராம்.

அந்த ஆண்டுகள் செனட்டர் மெக்கார்த்தியின் காலம். 1953-ல் அவருடைய உதவியாளர்கள் ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கத் தகவல் நூலகங்களைச் சுற்றிவந்து கம்யூனிஸ்ட் சார்பான நூல்களைத் தேடினர். பல நூல்கள் அகற்றப்பட்டன, சில எரிக்கவும்பட்டன. அந்த ஜூன் மாதம் டார்ட்மவுத் கல்லூரி பட்டமளிப்பு விழாவில், புத்தகம் எரிப்போருடன் சேர வேண்டாம் என்று மாணவர்களிடம் அதிபர் ஐசனோவர் கேட்டுக்கொண்டார். நான்கு மாதம் கழித்து நாவல் வந்தது.

துரத்தல்

தீயணைப்பு வீரனான மோன்டாக், எரிக்கச் சென்ற வீடுகளிலிருந்து புத்தகங்களைத் திருடி ஒளித்து வைக்கிறான். ஒரு மூதாட்டி தன் நூல்களை விட்டு வெளியேற மறுத்து அவற்றுடன் சேர்ந்து எரிந்ததைக் கண்டபின் அவனால் பழையபடி இருக்க முடியவில்லை. அவனுடைய மேலதிகாரி பீட்டியே நாவலின் மிகச் சுவையான பாத்திரம். எல்லாவற்றையும் படித்தவன், படித்ததை எல்லாம் மேற்கோள் காட்டியே வாசிப்பை இகழ்பவன். அரசு ஆணையிட்டு இது தொடங்கவில்லை, மக்களே சுருக்கங்களையும் வேடிக்கைகளையும் விரும்பி வாசிப்பைக் கைவிட்டார்கள், யார் மனமும் புண்படக்கூடாது என்று ஒவ்வொன்றாக நீக்கினார்கள், தீ கடைசியில்தான் வந்தது என்று அவன் விளக்குகிறான்.

மோன்டாக்கைக் காட்டிக்கொடுப்பவள் அவன் மனைவியே. பீட்டியைக் கொன்றுவிட்டு அவன் ஓடும்போது இயந்திர வேட்டைநாய் பின்தொடர்கிறது. எட்டுக் கால்கள், மயக்க மருந்து ஏற்றும் ஊசி, மனித வாசனையை நினைவில் பதிக்கும் மூக்கு. துரத்தல் முழுவதும் தொலைக்காட்சியில் நேரலையாகிறது. ஒரு கட்டத்தில் நகரத்தார் அனைவரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து தெருவைப் பார்க்க வேண்டும் என்று அறிவிப்பு வருகிறது. அதற்குள் மோன்டாக் ஆற்றில் இறங்கிவிடுகிறான். தண்ணீரில் வாசனை அறுந்துபோகிறது.

நாவலின் ஆகக் கொடிய இடம் இதற்குப் பிறகு வருகிறது. குற்றவாளி தப்பிவிட்டான் என்று பார்வையாளர்களிடம் சொல்ல முடியாது. நிகழ்ச்சியை முடித்தாக வேண்டும். எனவே இரவில் தனியாக நடந்துகொண்டிருந்த யாரோ ஒருவனை வேட்டைநாய் கொல்கிறது. முகம் தெளிவாகக் காட்டப்படாமல் அவனே மோன்டாக் என்று அறிவிக்கிறார்கள். ‘பாதசாரி’ கதையை அறிந்தவர்களுக்கு அந்த ஆள் யாரென்று புரியும்.

மனப்பாடம்

ஆற்றுக்கு அப்பால் மோன்டாக் சந்திக்கும் நாடோடிகள் ஒவ்வொருவரும் ஒரு நூலை மனத்தில் சுமப்பவர்கள். கையில் நூல் இருந்தால் பிடிபடலாம். தலைக்குள் இருந்தால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. இதைக் கற்பனையின் மிகை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் சோவியத் ரஷ்யாவில் இது நடந்தது. கவிஞர் ஓசிப் மண்டல்ஷ்டாம் 1938-ல் முகாமில் இறந்தபின், அவருடைய கவிதைகளில் பலவற்றை மனைவி நதேழ்தா பல ஆண்டுகள் மனப்பாடமாகவே காத்துவந்தார். அன்னா அக்மதோவா தம் ‘ரெக்வியம்’ வரிகளைத் துண்டுத் தாளில் எழுதி நம்பிக்கைக்குரிய தோழியிடம் காட்டுவார். தோழி மனப்பாடம் செய்ததும் தாளை எரித்துவிடுவார். அங்கே கவிதையைக் காப்பாற்றியதும் ஒரு தீக்குச்சிதான். அந்நூல் முதலில் அச்சானது 1963-ல், மியூனிக்கில்.

நாவலுக்கு நேர்ந்தது

1967-ல் பாலண்டைன் பதிப்பகம் உயர்நிலைப் பள்ளிகளுக்கென ஒரு தனிப் பதிப்பைக் கொண்டுவந்தது. சுமார் 75 இடங்கள் மாற்றப்பட்டன. வசைச்சொற்களும் கருக்கலைப்பு பற்றிய குறிப்பும் நீக்கப்பட்டன. குடிகாரன் நோயாளி ஆனான். மாற்றம் செய்யப்பட்டதாக நூலில் எங்கும் குறிப்பு இல்லை. சில ஆண்டுகள் இரு பதிப்புகளும் சேர்ந்தே விற்றன. 1973 முதல் வெட்டப்பட்ட வடிவம் மட்டுமே தொடர்ந்து அச்சாகிவந்தது. எழுதியவருக்கே தெரியாது.

1979-ல் விவரம் அறிந்த பிராட்பரி முழுப் பாடத்தையும் திரும்பக் கேட்டார். 1980-ல் அது மீட்கப்பட்டது. அதனுடன் அவர் சேர்த்த பின்னுரை கடும் சினத்துடன் எழுதப்பட்டது. இங்கே எந்த அரசும் ஆணையிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிகளின் மனம் கோணக்கூடாது என்ற பதிப்பாசிரியர்களின் எண்ணமே போதுமானதாக இருந்தது. பீட்டி விளக்கிய முறை அப்படியே நடந்திருக்கிறது.

முதுமையில் பிராட்பரி, தம் நாவல் அரசுத் தணிக்கையைப் பற்றியது அல்ல, தொலைக்காட்சி வாசிப்பை அழிப்பதைப் பற்றியது என்று வாதிட்டார். இதைப் பாதிதான் ஏற்க முடியும். சுவர் அளவு திரைகளும் காதுக்குள் ஒலிக்கும் சிப்பி வானொலிகளும் நாவலில் முக்கியமானவையே. ஆனால் வேட்டைநாயை அவிழ்த்து விடுவது தொலைக்காட்சி அல்ல. அரசுக்கு நாய் தேவை, நாய்க்குப் பார்வையாளர்கள் தேவை. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் அந்தத் துரத்தல் காட்சி நிற்காது.

பழைய புத்தகக் கடைகளில் எழுபதுகளின் பாலண்டைன் பிரதிகள் இன்றும் கிடைப்பதுண்டு. அவற்றில் எது வெட்டப்பட்டது என்று அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. மூலத்தில் தொப்புளிலிருந்து பஞ்சை எடுக்கும் குறிப்பு ஒன்று வரும். பள்ளிப் பதிப்பில் அது காதைச் சுத்தம் செய்வதாக மாறியிருக்கும்.