வெற்றிடக் குழாய் ரயில்: பயணியர் பாதுகாப்பு

காற்று பெருமளவு உறிஞ்சி எடுக்கப்பட்ட குழாய்க்குள் விரையும் பெட்டிகளில் பயணிப்போருக்கு நேரக்கூடிய ஆபத்துகள் பற்றியது இக்குறிப்பு. எலான் மஸ்க் 2013இல் வெளியிட்ட ஹைப்பர்லூப் வரைவு, லாஸ் ஏஞ்சலிஸ்–சான் பிரான்சிஸ்கோ தடத்தில் மணிக்கு 1,220 கி.மீ. உச்ச வேகத்தையும் குழாய்க்குள் 100 பாஸ்கல் அழுத்தத்தையும் முன்வைத்தது. இது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

முதல் அச்சம் இந்த அழுத்தமே. பெட்டி பெரிதாக உடைந்தால் உள்ளிருப்போர் சில நொடிகளில் நினைவிழப்பர். விமானத்தில் உதவும் ஆக்சிஜன் முகமூடி இங்கே காப்பாற்றாது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜனும் இரத்தத்தில் போதிய அளவு கலப்பதில்லை. விமானி தாழ இறங்கித் தப்பலாம். இங்கோ குழாய்க்குள் காற்றை விரைந்து நிரப்ப வேண்டும், பின்வரும் பெட்டிகளையும் உடனே நிறுத்த வேண்டும்.

உச்ச வேகத்திலிருந்து, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு வேகக்குறைப்போடு பெட்டி நிற்க ஏறத்தாழ 12 கி.மீ. தேவை. நெரிசல் நேரத்துக்கு வரைவு சொன்ன 30 நொடி இடைவெளி சுமார் 10 கி.மீ. தான். முன்பெட்டி சட்டென முடங்கினால் அது போதாது.

எஃகுக் குழாய் வெயிலில் நீள்வதால் இணைப்புகள் கசியும் கவலையும் உண்டு. ஆளேற்றிய சோதனையோ வரைவின் உச்ச வேகத்தை நெருங்கவில்லை: 2020 நவம்பரில் நெவாடாவில் வர்ஜின் ஹைப்பர்லூப் நிறுவனம் இருவரை ஏற்றி நடத்திய சோதனை, 500 மீட்டர் குழாயில் மணிக்கு 172 கி.மீ. வேகத்தையே எட்டியது. அந்நிறுவனம் 2023 இறுதியில் மூடப்பட்டது.