மணிகளுக்கு அடியில் இருக்கும் இரும்பு

தென்னாப்பிரிக்காவில் பிறந்த கலைஞர் ரால்ஃப் ஜிமன், ஓய்வுபெற்ற ஒரு கவச வண்டியை வாங்கினார். தென்னாப்பிரிக்க, ஜிம்பாப்வே கைவினைஞர்களைக் கொண்டு அதன் உடல் முழுவதையும் வண்ண மணிகளால் மூடினார். 2016இல் கேப் டவுனில் அது காட்சிக்கு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது தோழர்களே. ஆனால் அந்த மணிகளுக்கு அடியில் இருப்பது என்ன?

வண்டியின் பெயர் காஸ்பிர். தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் சுருக்கம் எஸ்ஏபி. வண்டியை உருவாக்கிய அரசு அறிவியல் ஆய்வு மன்றத்தின் சுருக்கம் சிஎஸ்ஐஆர். இந்த ஏழு ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் காஸ்பிர் வரும். காவல்துறையும் அறிவியலும் கைகோத்ததை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

எடை சுமார் 11 டன். கண்ணிவெடி வெடித்தாலும் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்று அடிப்பகுதியை 'வி' வடிவில் செய்தார்கள். நமீபியாவில் விடுதலைப் போராளிகளை வேட்டையாடிய கூஃபுட் என்ற காவல் பிரிவு இதில்தான் சுற்றியது. கொன்றவர்களின் உடலை வண்டியில் கட்டி ஊர் ஊராகக் காட்டியது.

1980களில் அதே வண்டி கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. அங்கே கண்ணிவெடி இல்லை. கல்லை எடுத்த பள்ளிப் பிள்ளைகள்தான் இருந்தார்கள். போர்முனைக்குச் செய்த கவசத்தைச் சொந்த நாட்டு மக்களின் தெருவுக்குள் ஓட்டி வந்த அரசு, அவர்களைக் குடிமக்களாக அல்ல, எதிரிகளாகவே எண்ணியது. 1985 நவம்பர் 21 அன்று மாமெலோடியில், வாடகை உயர்வை எதிர்த்தும் ராணுவம் வெளியேற வேண்டும் என்று கேட்டும் மக்கள் ஊர்வலம் போனார்கள். 13 பேர் கொல்லப்பட்டார்கள்.

இதற்கெல்லாம் ஆவணம் எங்கே என்று கேட்பீர்கள். ஆட்சி கைமாறும் முன்பே, 1993இல், உளவுத்துறை மட்டும் சுமார் 44 டன் ஆவணங்களை அழித்தது. 1996இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் வந்து பேசினார்கள். இன்று நமக்குக் கிடைக்கும் வரலாற்றில் ஒரு பகுதி அவர்கள் நினைவிலிருந்து வந்ததுதான்.

காஸ்பிர் நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. 1990களின் இறுதியில் இந்திய ராணுவமும் இதை வாங்கியது.

ஆகவே மாணவத் தோழர்களே, அரசின் கோப்பை நம்பிக் காத்திருக்காதீர்கள். காவல் வண்டி ஒரு தெருவுக்குள் வந்தால் தேதி, நேரம், வண்டி எண், பார்த்தவர் சொன்னது, எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். வண்டிக்கு ஓய்வு கொடுப்பார்கள், கோப்பை எரிப்பார்கள். நாம் எழுதி வைத்தது விசாரணை வரும் நாளில் பேசும்.