கேட்பதும் காத்திருப்பதும்: ஒரு பாட்டின் வரலாறு

1

‘அஸ்ஸா’ என்றொரு சோவியத் படம். செர்கெய் சொலவ்யோவ் இயக்கி 1988இல் திரைக்கு வந்தது. கதை 1980 குளிர்காலத்தில் யால்தா என்ற கடற்கரை ஊரில் நடக்கிறது. கடைசிக் காட்சிக்கு வரும்போது, ஓட்டலில் பாடிக்கொண்டிருந்த இளைஞன் கொலையாகிவிட்டான். அவன் இடத்துக்கு இன்னொருத்தரைக் கூட்டி வருகிறார்கள். மேசைக்குப் பின்னால் இருக்கிற நிர்வாகி அம்மாள் பாடகர்களுக்கான விதிமுறைகளை வாசிக்க ஆரம்பிக்கிறார். வந்தவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். அம்மாள் காலி நாற்காலிக்கு முன்னால் வாசித்துக்கொண்டே இருக்கிறார். போனவர் மேடையேறிப் பாடுகிறார். பாடப்பாட ஓட்டல் மறைந்து, இருட்டில் கையில் சிறு வெளிச்சங்களோடு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நிற்பது தெரிகிறது. பாடுகிறவர் விக்தர் த்சோய். ‘கினோ’ என்ற ராக் குழுவின் பாடகர். படத்தில் அவர் அவராகவே வருகிறார். பாட்டின் பெயர் ‘பெரெமென்’. ‘மாற்றங்கள்’ என்று தோராயமாகச் சொல்லலாம். ஏன் தோராயம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு பேரரசின் முடிவை முன்னறிவித்த காட்சி என்று இதைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். வரலாற்றைப் பின்னாலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இது சுலபம். விடை தெரிந்த பிறகு கணக்குப் போடுகிற மாதிரி. எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. இந்தப் பாட்டின் மீது அந்த ரசிகர்கள் வைத்த பிரியம் எதன் மீது வைத்த பிரியம்? மாற்றத்தின் மீதா, மாற்றத்தைக் கேட்ட அந்த நிமிஷத்தின் மீதா?

2

நம்மிடம் இந்தப் பாட்டு வந்து சேரவில்லை. அப்பாவின் அலமாரியில் முன்னேற்றப் பதிப்பகத்துப் புத்தகங்கள் ஒரு வரிசை நின்றன. பழைய ‘சோவியத் நாடு’ இதழ்களின் வழவழப்பான தாளில்தான் அத்தையின் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டார்களாம். அந்தத் தாளில் டிராக்டர் உண்டு, அணைக்கட்டு உண்டு, விண்வெளி வீரர் உண்டு. கரி அள்ளிப் போட்டுப் பிழைத்துக்கொண்டு கிதார் வாசித்த இளைஞர்கள் கிடையாது. சோவியத் யூனியனை நேசித்த தமிழ் வாசகருக்கும் வெறுத்தவருக்கும் கிடைத்த பிரதி ஒன்றுதான்.

த்சோய் 1962இல் லெனின்கிராட்டில் பிறந்தவர். அம்மா ருஷ்யர். அப்பா கொரிய வம்சாவளி. 1937இல் தூரக் கிழக்கிலிருந்து சுமார் 1,72,000 கொரியர்களை ஸ்டாலின் அரசு ரயிலேற்றி மத்திய ஆசியாவில் கொண்டுபோய் இறக்கியது. மறு வருஷம் கஸாக்ஸ்தானின் கிஸில் ஓர்தாவில் பிறந்தவர் அந்த அப்பா. வேலையில்லாதவனை ‘சமூக ஒட்டுண்ணி’ என்று தண்டிக்கச் சட்டம் இருந்த நாடு அது. 1964இல் கவிஞர் யோசிப் பிராத்ஸ்கி அந்தக் குற்றச்சாட்டில்தான் தண்டிக்கப்பட்டார். ஆகவே ராக் பாடகர்கள் காவல்காரர்களாகவும் கொதிகலன் அறைத் தொழிலாளிகளாகவும் சேர்ந்துகொண்டார்கள். காகிதத்தில் ஒரு வேலை, ராத்திரியில் பாட்டு. த்சோய் 1986லிருந்து லெனின்கிராட்டின் ‘கம்சாத்கா’ என்ற கொதிகலன் அறையில் கரி போட்டார்.

1981இல் ருபின்ஷ்டெயின் தெருவில் லெனின்கிராட் ராக் கிளப்பை அனுமதித்ததும் அதிகாரம்தான். ஒடுக்குவதைவிட ஒரே கூரையின்கீழ் வைத்துக் கண்காணிப்பது லாபம் என்பது அதன் கணக்கு. மேடையேறும் முன் பாட்டின் வரிகளைக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தக் கிளப்பின் விழாவில் 1986இல் ‘பெரெமென்’ முதன்முதலாக மேடையேறியது. இசைத்தட்டு வெளியிடுவது அரசின் ‘மெலோதியா’ மட்டுமே என்றிருந்த நாட்டில், டேப்பிலிருந்து டேப்புக்கு, கையிலிருந்து கைக்குப் பாட்டுகள் பரவின. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும். அந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் அவர்கள் நேசித்தார்கள் என்று நினைக்கிறேன்.

3

இது அரசியல் பாட்டு இல்லை என்று த்சோய் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். பெரெஸ்த்ரோய்க்கா முழக்கத்தோடு இதைக் கட்டிவைத்ததில் அவருக்கு இஷ்டமில்லை. மனுஷனுக்குள்ளே நடக்கிற மாற்றத்தைப் பற்றியது என்றார். ஜனங்கள் கேட்கவில்லை. ஆசிரியன் செத்துப்போனான், பொருளை உண்டாக்குவது வாசகன்தான் என்று ரோலான் பார்த்தை வைத்து இங்கே பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். இந்த விஷயத்தில் அது உயிரோடிருக்கும்போதே நடந்துவிட்டது.

பிரதியைப் பாருங்கள். சரணம் ஒன்றில் வருவது அடுப்பங்கரையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவனின் உலகம். பிறகு கூட்டம் சேர்ந்து பாடுகிற பகுதி. அங்கே மாற்றத்தைக் கேட்பது கட்சியோ வர்க்கமோ தேசமோ இல்லை. உடம்பு கேட்கிறது. இதயம், கண் இவைதான் எழுவாய். எந்த மாற்றம், யார் செய்வது என்ற விவரம் ஒன்றுமே இல்லை. வெற்றுக் குறிப்பான் என்று கோட்பாட்டாளர்கள் சொல்வார்களே, அதுதான். யார் வேண்டுமானாலும் தன் குறிப்பீட்டை அதில் நிரப்பிக்கொள்ளலாம்.

தமிழ் படித்தவனுக்கு இதில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. ருஷ்யன் தெரிந்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ‘பெரெமென்’ என்பது எழுவாய் வடிவமே இல்லை. நம் கணக்கில் ஆறாம் வேற்றுமைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய வடிவம். ருஷ்யனில் ‘கோருதல்’ என்ற வினையும் ‘காத்திருத்தல்’ என்ற வினையும் இந்த ஒரே வடிவத்தைத்தான் ஏற்கின்றன. பாட்டிலும் இரண்டு வினைகளுமே வருகின்றன. தமிழில் இது நடக்காது. மாற்றங்களைக் கேட்போம், மாற்றங்களுக்குக் காத்திருப்போம். ஐயும் குவும் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ருஷ்யனில் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக் கத்துகிற கூட்டம் கேட்கிறதா, காத்திருக்கிறதா என்று உருபை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்தப் பாட்டின் பின்வரலாறு முழுக்க இந்த இரண்டு வினைகளுக்கும் நடுவே ஊசலாடியது என்பதே என் வாசிப்பு.

4

1990 ஆகஸ்ட் 15 அன்று லாத்வியாவில் த்சோயின் கார் ஒரு பஸ்ஸோடு மோதியது. அவருக்கு வயது 28. மாஸ்கோ அர்பாத் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு சுவரில் ‘த்சோய் இறந்தார்’ என்று யாரோ எழுத, ‘த்சோய் வாழ்கிறார்’ என்று வேறு யாரோ பதில் எழுதினார்கள். சுவர் முழுக்க அது பெருகியது. லெனின் சாகவில்லை, இன்னும் வாழ்கிறார் என்று 60 ஆண்டுகளுக்கு மேல் சொல்லிக் கொடுத்த நாடு அது. ரசிகர்கள் அந்த இலக்கணத்தை அப்படியே எடுத்து, கரி போட்ட ஒரு பாடகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கல்லறை அருகே கூடாரம் போட்டுத் தங்கியவர்களும் உண்டு.

மாற்றம் வந்தது. 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் இல்லை. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே ஆண்டில் ருஷ்யாவில் விலைகள் சுமார் 26 மடங்காயின. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் ரொட்டிக்குக் காணவில்லை. 1980களின் பின்பகுதியில் 65 வயதை ஒட்டியிருந்த ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்கும் கீழே போனது. இதை ஒப்பாமல் ‘விடுதலையின் கீதம்’ என்று பாட்டைப் புகழ்வது நேர்மையில்லை. அதே மாதிரி, ‘பார்த்தீர்களா, மாற்றம் கேட்டவர்களுக்குக் கிடைத்ததை’ என்று நம்ம தோழர்கள் சிலர் சிரிப்பதிலும் நேர்மை இல்லை. கேட்டவன் இந்த மாற்றத்தைக் கேட்கவில்லை. அவனுக்காக வேறு யாரோ குறிப்பானை நிரப்பிவிட்டார்கள். அதற்குள் அவன் காத்திருக்கத் தொடங்கியிருந்தான் என்பதுதான் சங்கடம்.

இதற்குப் பிறகும் ரசிகர்கள் பாட்டைக் கைவிடவில்லை. அனுபவம் பொய்யாக்கிய பாட்டை ஏன் நேசிக்க வேண்டும்? கிடைத்த மாற்றம் கசந்துபோனாலும், கேட்கத் தெரிந்த உடம்பு ஒன்று தன்னிடம் இருந்தது என்பதற்கு அவர்களிடம் மிஞ்சிய சாட்சி அது. பழம்நினைவு ஏக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

அதிகாரத்துக்கு இந்தப் பிரியத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. 1999இல் ருஷ்ய அஞ்சல்துறை த்சோயின் முகத்தைத் தபால்தலையில் போட்டது. 2014இல் ருஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், அவருடைய பாட்டுகளை அமெரிக்க உளவுத்துறைதான் எழுதிக் கொடுத்தது என்று பேசினார். செத்தவன் தபால்தலையில் இருக்கலாம், பாட்டு மட்டும் அந்நிய சதி!

5

2020க்கு வருவோம். இடம் ருஷ்யா இல்லை, பேலாரூஸ். 1994 முதல் ஒருத்தரே அதிபர். ஆகஸ்ட் 9 அன்று தேர்தல். மூன்று நாள் முன்னால் மின்ஸ்க் நகரப் பூங்கா ஒன்றில் எதிர்க்கட்சிக்குக் கூட்டம் நடத்த இடமில்லாதபடி அரசு தன் நிகழ்ச்சியை வைத்தது. எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் அங்கேயே வந்து நின்றார்கள். ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக இருந்த இளைஞர்கள் இரண்டு பேர், திட்டத்தில் இல்லாத ‘பெரெமென்’ பாட்டைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். கூட்டம் சேர்ந்து பாடியது. இரண்டு பேருக்கும் பத்து நாள் சிறை. தேர்தல் முடிந்து லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கியபோது அந்தப் பாட்டு வீட்டு முற்றங்களிலும் மாடங்களிலும் ஒலித்தது. அதே ஆகஸ்ட் 15 அன்று, த்சோய் இறந்த 30ஆம் ஆண்டு நாளில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை திறந்தார்கள். ஒரு நாட்டில் வெண்கலம், பக்கத்து நாட்டில் குற்றம்.

மின்ஸ்கின் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு முற்றம். அங்கே கட்டடச் சுவரில் அந்த இரண்டு ஒலிப்பதிவாளர்களின் உருவத்தை வரைந்து, இடத்துக்கு ‘மாற்றங்களின் சதுக்கம்’ என்று பேர் வைத்தார்கள் குடியிருந்தவர்கள். அதிகாரிகள் வந்து சாயம் பூசி மறைப்பார்கள். ஜனங்கள் திரும்ப வரைவார்கள். இப்படியே பல தடவை. நவம்பர் 11 ராத்திரி, முகமூடி போட்ட ஆட்கள் வந்து வேலியில் கட்டியிருந்த எதிர்ப்பு நிற நாடாக்களை அறுத்தார்கள். 31 வயதுக்காரர் ஒருவர், தான் வெளியே போவதாக அண்டை வீட்டாரின் குழுவுக்கு இரண்டு சொல்லில் செய்தி எழுதிவிட்டு இறங்கிப் போனார். அடித்தார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் மருத்துவமனையில் இறந்தார்.

இங்கே எழுதுகிறவன் கை கொஞ்சம் நிற்கிறது. வெற்றுக் குறிப்பான், பிரதி, வாசகன் என்று மேலே எழுதியதெல்லாம் இந்த முற்றத்தில் வந்து நிற்கும்போது லேசாகத் தெரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்லலாம். பாட்டின் பிற்பகுதியில், மாற்றம் என்று வரும்போது திடீரென்று ஒரு பயம் வருவதைப் பாடுகிறவர் ஒத்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. கூட்டம் அதைப் பெரும்பாலும் பாடுவதில்லை. கூட்டம் பாடுவது பல்லவி மட்டும்தான். முழக்கத்தில் பயத்துக்கு இடமில்லை. தனியாகக் கேட்கிறவனுக்குத்தான் அந்த வரி காதில் விழும்.

அந்த ராத்திரி படியிறங்கிப் போனவருக்கு அந்தப் பயம் இருந்ததா இல்லையா என்று நமக்குத் தெரிய வழியில்லை. அவருக்குக் கூட்டம் இல்லை, பாட்டு இல்லை, கையில் வெளிச்சம் இல்லை. காத்திருந்த ஒரு முற்றத்திலிருந்து ஒருத்தர் எழுந்து போனார். ‘அஸ்ஸா’வில் காலியான அந்த நாற்காலியை இப்போது இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. விதிமுறைகளை இன்னும் யாரோ வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.