சாயவேர் தந்த செம்மை

காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்திற்குச் சென்றோர் அண்ணாந்து நோக்காமல் திரும்புவதில்லை. விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஆம் ஆண்டளவில் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில், இடபதேவர், நேமிநாதர் முதலியோரின் வரலாறுகள் பிற்காலத்தில் வண்ணங்களால் தீட்டப்பெற்றுள்ளன. கதையைத் தொடரும் கண், கதைமாந்தரின் உடையிலும் சற்றே தங்கிவிடும். பூவும் வரியும் கட்டமும் பரவிய அவ்வாடைகள், பருத்தியின் பெயரையே தாங்கிய அவ்வூருக்குப் பொருத்தமானவை. அவ்வோவியங்களில் விஞ்சி நிற்கும் நிறம் சிவப்பு.

பருத்திக்கு நிலையான சிவப்பூட்டுதல் எளிதன்று. அவுரியின் நீலம் நூலில் தானே பற்றிக்கொள்ளும். சிவப்போ படிகாரத்தின் துணையின்றி நில்லாது. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் வளரும் இம்பூறல் என்னும் சிறு செடியின் மெல்லிய வேரே அச்சிவப்பைத் தந்தது. சாயவேர் என மக்கள் வழங்கியது அதனையே. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் அவ்வேர் அகழப்பட்டது. ஒல்லாந்தர் அதன் வாணிகத்தைத் தம் தனியுரிமையாக்கிக் கொண்டனர். ஒரு வேருக்காக அரசு காவல் வைத்ததெனில், அதன் மதிப்பை வேறு சான்றால் நிறுவ வேண்டியதில்லை.

அக்கரையின் தொழில்முறையை இன்று நாம் அறிவது பெரும்பாலும் அயலார் எழுத்தாலேயே. புதுச்சேரியில் வாழ்ந்த கேர்டூ என்னும் சேசு சபைத் துறவி, சாயக்காரரிடம் கேட்டறிந்தவற்றை 1742-இல் மடலாக எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பொலியு என்ற பிரெஞ்சு அதிகாரி, தொழில் நடக்கும் ஒவ்வொரு நிலையிலும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்புடன் சேர்த்து அனுப்பியிருந்தார். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். இரும்பு ஊறிய புளித்த நீரால் கருங்கோடு வரைவர். சிவக்க வேண்டிய இடங்களிற் படிகார நீர் தீட்டுவர். படிகாரம் கண்ணுக்குத் தெரியாதாதலின், அதிற் சப்பங்கிச் சாறு சிறிது கலப்பர். பின் துணி முழுவதையும் சாயவேர் நீரிற் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் மட்டும் செம்மையைப் பிடித்துக்கொள்ள, எஞ்சிய இடத்தின் மங்கல் சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்தகலும். எழுதியவன் தன் சித்திரத்தை முழுமையாகக் காண்பது அதற்குப் பின்னரே.

இவ்வாறு பிறந்த துணி, துவைக்குந்தொறும் மங்காமையால், ஐரோப்பியரை வியப்பில் ஆழ்த்தியது. மங்கையர் மேலாடையும் கழுத்துக்குட்டையும் படுக்கை விரிப்பும் அதனால் ஆயின. உள்நாட்டு நெசவாளர் பிழைப்பிழந்து கொதித்தனர். பிரான்சு 1686-இல் அத்துணியைத் தடைசெய்து 1759 வரை அத்தடையை நீட்டித்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டங்கள் இயற்றியது. 1719-இல் இலண்டன் தெருக்களில் சீட்டித்துணி உடுத்திய பெண்களின் ஆடைகளை நெசவாளர் கிழித்தெறிந்தனர். அவர் வறுமை மெய்யே. ஆயினும் வழிச்சென்ற பெண்கள் செய்த குற்றம் யாது?

தடை நீங்கிய மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் பாரிசுக்கு அருகில் ழுயி என்னுமூரில் அச்சுத்துணிச் சாலை தொடங்கினார். சாயவேரின் இடத்தில் அங்கே மஞ்சிட்டி இனத்து வேர் பயன்பட்டது. ஆகவே தமிழ்க்கரையின் வேருக்கு இறுதி வந்தது அங்கிருந்தன்று. 1868-இல் கிரேபே, லீபர்மான் என்னும் செருமானிய வேதியியலார் இருவர், கரித்தாரிலிருந்து அலிசரின் என்னும் செஞ்சாயத்தை ஆக்கினர். சாயவேரின் சிவப்புக்கு முதற்காரணமான பொருளும் அலிசரினே. போலி வந்து மெய்யை வென்றதெனக் கூறுதற்கும் இடமில்லை; வந்ததும் அதே சிவப்பு, விலையே வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் அச்செருமானியச் சாயம் மதுரையை அடைந்தது. செந்நிறச் சாயத்திற் பெயர்பெற்ற சௌராட்டிரச் சாயக்காரர் அதனை ஏற்றனர். எண்ணெயும் செடிச்சாம்பற் காரமும் நூலுக்கு ஊட்டும் பழைய பக்குவத்தை விடாமல், வேரை மட்டும் மாற்றினர். அவர்தம் சிவப்புச் சேலைகள் முன்போலவே விலைபோயின. கடற்கரை மணலில் வேர் அகழ்ந்து பிழைத்தோரின் சுமைகளை வாங்குதற்குத்தான் ஆளில்லாமற் போயிற்று.