சபை யாருடைய சொத்து? அர்ஜுன ரணதுங்கவும் கொழும்பு ரசிகரின் தீராத வழக்கும்

கழகமொன்றில் விளையாடிப் புகழ்பெற்ற ஒருவர் பிற்காலத்தில் அக்கழகத்தை ஆள்வோரைப் பகிரங்கமாகக் குறைகூறினால், ரசிகர்கள் உடனே இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுவர். உள்ளே இருந்தவன் சொல்கிறான், கேட்கவேண்டும் என்பது ஒரு கட்சி. உள்ளே இருந்தபோது இவன் என்ன கிழித்தான் என்பது மறு கட்சி. 2021 ஏப்ரல் 18 ஆம் திகதி மஞ்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தின் முன்னாள் வீரர் கேரி நெவில், தொலைக்காட்சி நேரலையில் அக்கழகத்தின் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்தினரைக் கடுமையாகச் சாடினார். ஐரோப்பிய சுப்பர் லீக் என்ற பெயரில் பணக்காரக் கழகங்கள் தமக்கெனத் தனிப்பந்தி விரிக்க முனைந்த நாள் அது. இரண்டு வாரம் கழித்து, மே 2 ஆம் திகதி, ரசிகர்கள் ஓல்ட் ட்ரபோர்ட் மைதானத்தினுள் புகுந்ததில் லிவர்பூலுடனான ஆட்டமே ஒத்திவைக்கப்பட்டது. 2005 இல் கழகத்தை வாங்கியபோது வாங்கிய கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டிய குடும்பம் அது என்பதால் நெவிலின் பேச்சு இலகுவில் எடுபட்டது. ஆனால் நெவிலும் சல்போர்ட் சிட்டி என்ற சிறு கழகத்தின் பங்குடைமையாளர்தானே என்று சுட்டிக்காட்டியவர்களும் இருந்தனர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இங்கிலாந்துக் கழகங்களுக்குத் தீவிர ரசிகர்கள் உண்டு. அவர்களும் இதுபற்றி வாதாடினார்கள். எனினும் கொழும்பில் இவ்வழக்குக்கு அதைவிடப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது. அது அர்ஜுன ரணதுங்க.

இலங்கையின் கிரிக்கெட்டுக்குக் கிளேசர் போன்ற முதலாளி எவரும் இல்லை. பங்குப் பத்திரம் இல்லை. இருப்பது வாக்கு. கழகங்களும் மாவட்ட, மாகாணச் சங்கங்களும் வாக்களித்துத் தலைவரைத் தெரிவு செய்கின்றன. 2016 ஜனவரித் தேர்தலில் திலங்க சுமதிபால 88 வாக்குகளும், அர்ஜுனவின் சகோதரர் நிஷாந்த ரணதுங்க 56 வாக்குகளும் பெற்றனர். இரண்டையும் கூட்டினால் 144. இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில், அம்மக்கள் தமது இரண்டாவது மதமாகக் கொண்டாடும் விளையாட்டின் விதியை அன்று எழுதியவர்கள் இந்த நூற்றுச் சொச்சம் பேர்தான். அதே தேர்தலில் உபதலைவர் பதவிக்குப் போட்டியிட்ட அர்ஜுனவும் தோற்றார். உலகக் கிண்ணத்தைக் கொண்டுவந்த தலைவரைத் தோற்கடிக்கும் வல்லமை அந்த வாக்குச்சீட்டுக்கு இருந்தது.

இவ்வமைப்பு எப்போதும் இப்படி இருந்ததல்ல. 1922 இல் இலங்கைக் கிரிக்கெட் சங்கம் உருவானபோது கழகங்கள் என்பன பெரும்பாலும் இனத்தின் பெயரால் அமைந்த கனவான் மன்றங்கள். தமிழர்களுக்கு 1899 இல் தோன்றிய தமிழ் யூனியன், முஸ்லிம்களுக்கு மூர்ஸ், பறங்கியருக்கு அவர்களது கழகம், சிங்கள கனவான்களுக்கு எஸ்.எஸ்.சி. தமிழ் யூனியனின் ஓவல் மைதானத்துக்கு இன்று பெயராய் நிற்கும் பி. சரவணமுத்து, நாட்டின் கிரிக்கெட் நிர்வாகத்திலும் தலைமை வகித்தவர். 1948 மார்ச்சில் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் அந்த ஓவலில் விளையாடியது. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். அன்று ஆடுகளம் 22 யாருக்குப் பதிலாக 20 யாராக அளக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. நிர்வாகத்தின் கவனக்குறைவுக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

1973 இல் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் வந்தது. தேசிய விளையாட்டுச் சங்கங்களின் மீது அமைச்சருக்குப் பெரும் அதிகாரம் கிடைத்தது. நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்தும் அணிக்கே அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்ற நிலை. ஆயினும் அரசியல் என்றாலே தீமை என்று சொல்லிவிட முடியாது. 1981 ஜூலையில் டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தபோது சபையின் தலைவராக இருந்தவர் அன்றைய செல்வாக்கு மிக்க அமைச்சர் காமினி திசாநாயக்க. அவருடைய அரசியல் பலம் இல்லாமல் அந்தக் கதவு அத்தனை விரைவில் திறந்திருக்குமா என்பது சந்தேகமே. 1982 பெப்ரவரி 17 இல் முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியதும் அதே தமிழ் யூனியன் ஓவலில்தான். பதினெட்டு வயதுப் பாடசாலை மாணவனாக அந்த அணியில் நின்றவர் அர்ஜுன.

பணம் வந்தது 1996 மார்ச் 17 இல், லாகூரில். உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் பின்னால் தொலைக்காட்சி உரிமமும் விளம்பரமும் வரிசையில் நின்றன. கிண்ணம் வந்து சில வாரங்களிலேயே சபையின் தலைவர் ஆனா புஞ்சிஹேவா பதவியிழந்தார். அதுவரை கையிலிருந்து செலவழித்த கௌரவப் பதவி, அதன்பின் கையை நீட்டிப் பிடிக்கவேண்டிய பதவியாயிற்று. 1999 இல் தேர்தல் குழப்பமாகி அமைச்சர் இடைக்கால நிர்வாகக் குழுவை நியமித்தார். அதன்பின் இடைக்காலக் குழு என்பது நம் கிரிக்கெட்டின் நிரந்தர அங்கமாகிவிட்டது.

தமிழ் ரசிகருக்கு அர்ஜுனவோடு தனியான கணக்கொன்று உண்டு. 1995 டிசம்பர் 26 இல் மெல்பேர்ணில் நடுவர் டெரல் ஹெயார், முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழு தடவை முறையற்றவை என அறிவித்தார். 1999 ஜனவரி 23 இல் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் மீண்டும் அதையே செய்தபோது அர்ஜுன அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். ஆட்டம் நின்றது. மீண்டும் தொடங்கிய ஆட்டத்தில் இங்கிலாந்தின் 302 ஓட்டங்களை ஒரு விக்கெட் மிச்சமிருக்க இலங்கை கடந்தது. அவருக்கு ஆட்ட ஊதியத்தில் 75 வீதம் தண்டம். ஆறு ஆட்டங்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட தடை. அந்த நாள்களில் கொழும்பில் தமிழர் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்து திரிந்தனர். ஒரு சிங்களத் தலைவர், மலையகத் தமிழர் ஒருவருக்காக உலகத்தின் முன் விரலை நீட்டிச் சண்டையிட்ட காட்சி அவர்களுக்கு வெறும் கிரிக்கெட்டாக இருக்கவில்லை. இந்தியா வெல்லவேண்டும் என்று வீட்டுக்குள் இருந்து ஆசைப்பட்டவர்களும் அன்று அர்ஜுனவின் பக்கம் நின்றார்கள்.

ஆகவேதான் பின்னாளில் அவர் சபையைச் சாடும்போதெல்லாம் வெள்ளவத்தையில் வாதம் எளிதில் முடிவதில்லை. காலி வீதியில் ஒரு சைவக் கடையில் கேட்டது இது. "அண்ணை, முரளிக்காக நிண்ட மனுசன், பொய் சொல்லுவாரோ?" என்றார் இளைஞர். எதிரே இருந்த முதியவர் வடையைப் பிட்டபடி, "தம்பி, முரளிக்காக நிண்டது உண்மை. அதுக்காக அவர் சொல்லுற எல்லாத்துக்கும் நாங்கள் கையெழுத்து வைக்கேலாது" என்றார். இரண்டாவது கூற்று எனக்கு நெடுநாள் நினைவில் நின்றது. நன்றியையும் நியாயத்தையும் தனித்தனியாக வைப்பதற்கு ரசிகனுக்கு ஒரு பயிற்சி வேண்டும்.

அர்ஜுன ஓரத்தில் நின்று மட்டும் கல்லெறிந்தவரல்லர். 2001 இல் பாராளுமன்றம் சென்றார். 2008 ஜனவரியில் அமைச்சர் காமினி லொக்குகே அவரை இடைக்காலக் குழுவின் தலைவராக நியமித்தார். அந்த ஆண்டு இந்தியன் பிறீமியர் லீக் பிறந்த ஆண்டு. 2009 கோடையில் இங்கிலாந்துக்கு அணியை அனுப்ப அவர் இணங்கினார். இந்திய லீக்கில் ஒப்பந்தமாகியிருந்த வீரர்கள் மறுத்தனர். வீரருக்காக நடுவரோடு மோதியவர், இப்போது நிர்வாகியாக வீரரோடு மோத வேண்டியதாயிற்று. வருடம் முடியுமுன், டிசம்பரில், நியமித்த அமைச்சரே அவரை நீக்கினார். அவருக்குப் பின் 2009 இல் டி.எஸ். டி சில்வா, 2015 இல் சிதத் வெத்தமுனி ஆகியோரும் இடைக்காலக் குழுத் தலைவர்களாயினர். முதல் டெஸ்டில் ஆடிய இம்மூவரும் அமைச்சரின் கையெழுத்தால் வந்தவர்களே, வாக்கால் வந்தவர்களல்லர். வெத்தமுனி போன்ற பண்பாளர் வந்தபோதும் சர்வதேச கிரிக்கெட் பேரவை, அரசாங்கத் தலையீடு என்று சொல்லி நிதியை நிறுத்திவைத்தது.

குமார் சங்கக்காரவின் வழி வேறு. 2011 ஜூலை 4 இல் லோர்ட்ஸில் கௌட்ரி நினைவுரை ஆற்றிய அவர், 1996 இன் வெற்றிக்குப் பிறகு சபை எவ்வாறு பதவியாசை கொண்டோரின் களமாயிற்று என்பதை அமைதியான குரலில் விளக்கினார். அப்போது அவர் விளையாடிக்கொண்டிருந்த வீரர். கைதட்டல் லண்டனில்; விசாரணைக்கான உத்தரவு கொழும்பில், அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேயிடமிருந்து.

அர்ஜுனவின் வாய்க்கு அந்த அளவுகோல் இல்லை என்பதே அவரை விரும்புவோரின் மனக்குறையும். 2017 ஜூலையில், 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை விசாரிக்கவேண்டும் என்றார். பெயர் சொல்லவில்லை, ஆதாரம் காட்டவில்லை. 2020 இல் அளுத்கமகே அதே குற்றச்சாட்டை எழுப்ப, பொலிசார் சங்கக்கார, அரவிந்த டி சில்வா, உபுல் தரங்க ஆகியோரை மணிக்கணக்கில் விசாரித்து, ஆதாரமில்லை என்று ஜூலை 3 இல் கோப்பை மூடினர். மைதானத்தில் உழைத்த வீரர் மீது மூன்று ஆண்டுகள் நிழல் விழுந்திருந்தது. சபையின் கணக்கைக் கேட்பது வேறு, அணியின் நேர்மையைச் சந்தேகிப்பது வேறு. முன்னதற்கு உரிமை உண்டு. பின்னதற்குச் சான்றும் வேண்டும்.

2023 நவம்பரில் எல்லாம் ஒரே மாதத்தில் நிகழ்ந்தன. நவம்பர் 2 இல் மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு 302 ஓட்டங்களால் தோல்வி. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்தான் ஆசியக் கிண்ண இறுதியில், கெத்தாராமையில், சொந்த மக்கள் முன்னிலையில் 50 ஓட்டங்கள். நவம்பர் 6 இல் அமைச்சர் ரொஷான் ரணசிங்க, ஷம்மி சில்வா தலைமையிலான சபையைக் கலைத்து அர்ஜுனவை இடைக்காலக் குழுத் தலைவராக்கினார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடையுத்தரவு வழங்கியது. நவம்பர் 9 இல் பாராளுமன்றம், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து, சபை விலகவேண்டும் என ஏகமனதாகத் தீர்மானித்தது. நவம்பர் 10 இல் சர்வதேசப் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. சபையே கேட்டு வாங்கிய தடை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அந்நாள்களில் அர்ஜுன, இலங்கைக் கிரிக்கெட்டை இந்தியச் சபையின் செயலாளர் ஜெய் ஷாவே ஆட்டுவிக்கிறார் என்று பேச, அரசாங்கத்தின் அமைச்சர்கள் பாராளுமன்றத்தில் வருத்தம் தெரிவிக்கவேண்டியதாயிற்று. நவம்பர் 21 இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குக் கைமாறியது. நவம்பர் 27 இல் அமைச்சரையே ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பதவிநீக்கினார். 2024 ஜனவரி 28 இல் தடை நீங்கியபோது சபை இருந்த இடத்திலேயே இருந்தது. இழந்தவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். உலகக் கிண்ணத்தைத் தம் மைதானங்களில், தம் பெற்றோர் முன்னிலையில் ஆடும் வாய்ப்பு அவர்களுக்கு இனி வராது.

கொட்டாஞ்சேனைக்காரரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கிரிக்கெட்டுக்கு நேர்ந்தது அவர்களுடைய உதைபந்தாட்டத்துக்குப் பத்து மாதம் முன்னரே நேர்ந்துவிட்டது. அதே அமைச்சின் தலையீட்டைக் காரணமாக்கி, 2023 ஜனவரியில் பீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாதம்வரை தடை நீடித்தது. அதற்குப் பாராளுமன்றத்தில் ஏகமனதான தீர்மானம் ஏதும் வரவில்லை. சென். பெனடிக்ற் கல்லூரி மைதானத்திலும் ரட்ணம் விளையாட்டுக் கழகத்திலும் பந்தை உதைத்து வளர்ந்த பகுதி அது. 1995 இல் சுகததாச அரங்கில் இந்தியாவை 1-0 என வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய நாளை அங்குள்ள நடுத்தர வயதினர் இன்றும் சொல்வார்கள். அந்நாடு பின்னர் உலகத் தரவரிசையில் 200 க்கும் கீழே இறங்கிற்று. சம்மேளனத்தின் நெடுநாள் தலைவரும் பீஃபாவின் நிறைவேற்றுக் குழுவில் அமர்ந்தவருமான மணிலால் பெர்ணாண்டோவுக்கு 2013 இல் ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. இத்தனைக்கும் குரல் கொடுக்க உதைபந்தாட்டத்தில் ஓர் அர்ஜுன இல்லை. இருந்திருந்தால் அவரைப் பற்றியும் இரண்டு கட்சிகளாக வாதாடியிருப்போம். குறைந்தபட்சம் வாதமாவது நடந்திருக்கும்.

அமைச்சரின் கையால் நாற்காலி ஏறி, அமைச்சரின் கையாலேயே இறங்கியவர் அர்ஜுன. 2008 இன் பாடத்துக்குப் பின்னும் 2023 இல் அதே கையை அவர் ஏற்றது பிழை என்பது என் எண்ணம். வாக்கு வைத்திருக்கும் கழகங்களின் எண்ணிக்கையைக் குறை, கணக்கை வெளியிடு என்ற கோரிக்கையோடு அவர் வெளியிலேயே நின்றிருந்தால், அவரது சொல்லுக்கு இன்னும் எடை இருந்திருக்கும். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி பிழையானதல்ல. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும் பாராளுமன்றக் குழுவும் சபையின் செலவுகளைப்பற்றி அதே கேள்விகளைத்தான் கேட்டன.

அந்த நவம்பரில் அணி ஒன்பது ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று ஒன்பதாம் இடத்தில் முடித்தது. அதனால் 2025 சம்பியன்ஸ் கிண்ணத்தில் இலங்கைக்கு இடமில்லை. அக்கிண்ணத்தின் இறுதியாட்டம் மார்ச் 9 இல் டுபாயில் நடந்தது. அதே மாத இறுதியில் கொழும்பில் சபையின் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்கு ஷம்மி சில்வா போட்டியின்றி நான்காவது தடவையாகத் தெரிவானார்.